எந்தக் கடை இறைச்சி, முதலாளி?

அன்பு நேயர்களே, உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

திருகோணமலையில் ஹலால் சாப்பாட்டைத் தேடி யாரும் அலைவதில்லை. ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலாளியையும் தெரியும், அவருடைய வாப்பாவையும் தெரியும், கோழி எங்கே வாங்குகிறார் என்பதும் தெரியும். கிண்ணியாவில் மாடு அறுப்பவர் நமக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான் முறையாக இருப்பார். அதனால், கடைக்காரரிடம் இறைச்சியைப் பற்றிக் கேட்கும் பழக்கமே நமக்கு இல்லை. கொழும்பில் போய் இறங்கும்போதுதான் அந்தக் குறை தெரிகிறது.

எனக்கு அது தெரிந்தது என் உம்மாவின் நோயால். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் அவருக்கு ஏழு வாரம் சிகிச்சை நடந்தது. முதல் மூன்று நாள் நான் பாணும் வாழைப்பழமும் தின்று கிடந்தேன். நான்காம் நாள் பசி தாங்காமல், கண்ணாடியில் ‘ஹலால்’ என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ஒரு கடைக்குள் போனேன். சோறு வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. “தம்பி, கோழி எங்கே எடுக்கிறீர்கள்?” பையன் முழித்தான். “தெரியாது நானா. அந்த ஸ்டிக்கர் பழைய முதலாளி ஒட்டியது” என்றான். உண்மையைச் சொன்ன அந்தப் பிள்ளையின் மீது எனக்கு இன்றும் நன்றி உண்டு. கோழியை அப்படியே வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றிலிருந்து சுவரில் எழுதியிருப்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் கல்லாவில் இருப்பவரிடம் கேட்கிறேன்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2013 மார்ச்சில், ஹலாலுக்கு எதிராக நாட்டில் பெருங்கூச்சல் எழுந்திருந்த நாட்களில், மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ப் பொருட்களின் ஹலால் இலச்சினையை விட்டுக்கொடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு சான்றளிக்கும் வேலை தனியான ஓர் அமைப்பிடம் போனது. அந்தச் சான்றிதழ் தொங்கினால் எந்தக் கிளைக்கு, எந்தத் திகதி வரை என்று வாசித்துப் பாருங்கள். ஆனால், ஆறு மேசை போட்டுப் பிழைக்கும் ஒரு மனிதருக்குக் கட்டணமும் பதிவேடும் பரிசோதனையும் பெரிய சுமை. அவரிடம் சான்றிதழ் இல்லை என்பதற்காக நாமெல்லாம் பெரிய கடைகளுக்கே போய்க்கொண்டிருந்தால், நேர்மையாக நடத்தும் சிறிய கடைகள் மூடிப்போகும். அவர்களுக்கு நம் கேள்விதான் சான்றிதழ். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சரியாக நடத்துபவர் முகம் சுளிப்பதில்லை. இறைச்சி வாங்கும் கடையின் பெயரையும் அறுப்பவரின் பெயரையும் சேர்த்தே சொல்லுவார். “எல்லாம் ஹலால்தான், எல்லாம் ஹலால்தான்” என்று இரண்டு தடவை சொல்லிப் பேச்சை மாற்றுகிறவரிடம் மீன்கூட வேண்டாம் என்பது என் முடிவு.

‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகையில் நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பன்றி இல்லாவிட்டால் ஹலால் ஆகிவிடாது. கோழியை யார், எப்படி அறுத்தார் என்பதை அந்தப் பலகை சொல்லவில்லை. சீனச் சமையல் கடைகளில் இறைச்சியை ஊறவைக்கும்போது சமையல் வைன் ஊற்றும் வழக்கம் உண்டு. அதையும் கேட்க வேண்டும். புடிங் கேட்டால், அது கடற்பாசியில் செய்ததா, ஜெலட்டினில் செய்ததா? நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி வேறு, மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டின் வேறு.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் இறைச்சி தேடாதீர்கள். அன்று இறைச்சிக் கடைகள் பூட்டு. மீனும் பருப்பும் போதும்.

இரவு ரயிலில் போய் விடியற்காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், புறக்கோட்டைக்கு நடந்தே போகலாம். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளி 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில், மூட்டை தூக்கும் நாட்டாமைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். தினமும் ஒரே கடையில் உண்ணும் உழைப்பாளி அந்தக் கடையை நன்றாக அறிவார். கொம்பனித்தெருவில் மலாய்க்காரர் சமைக்கும் பாபத் என்ற மாட்டுக் குடல் கறியும் பிட்டும் கிடைத்தால் விடாதீர்கள். மாட்டுக் குடலை அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு மணமாகச் சமைக்க முடியும் என்று அங்கேதான் அறிந்தேன். ஒரு மேமன் நண்பர் என்னை விருந்துக்கு அழைத்துப் போனபோது நான் கணவாய் கேட்டேன், அவர் தொடவில்லை. அவர்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவு ஹனஃபி, அதில் கணவாய் கூடாது; நாம் ஷாஃபிஈ, நமக்கு ஆகும். பெரிய நகரத்தில் ஹலாலுக்குள்ளும் இத்தனை வாசல்கள்.

இந்து நேயர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மாட்டிறைச்சி சமைத்த சட்டியில் எனக்குச் சமைப்பார்களா என்ற உங்கள் கவலையும் என் கவலையும் அக்கா தங்கை. வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் நான் எத்தனையோ நாள் மனநிறைவோடு உண்டிருக்கிறேன்.

மகரகமவில் எனக்கு வழி காட்டியவர்கள் கபூரிய்யா அரபுக் கல்லூரி மாணவர்கள். லுஹர் தொழுதுவிட்டு வரும்போது இரண்டு பேரை நிறுத்தி, நீங்கள் வெளியில் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு ஒழுங்கைக்குள் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடையைக் காட்டினார்கள். முதலாளி என்னைக் கேள்வி கேட்க விடவில்லை. நேராகச் சமையலறைக்கே அழைத்துப்போய்க் காட்டினார். உம்மாவின் நிலையைச் சொன்னேன். மறுநாளிலிருந்து உப்பும் மிளகும் குறைத்து ஆட்டுக்கால் சூப் வைத்து, பையனிடம் கொடுத்து அனுப்பினார்.

உம்மா கரண்டியைத் தொடுமுன் அவனிடம் கேட்டார்: “மகன், ஆடு யார் அறுத்தது?” அவன் ஓடிப்போய்க் கேட்டுவந்து பெயரைச் சொன்னான். மூன்று வாரமாக எதுவும் இறங்காத தொண்டையில் அரைக் கோப்பை சூப் இறங்கியது. மறுநாளும் உம்மா அதையே கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து, பையன் வாசலில் நுழையும்போதே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான்.