பசியாறும் நேரத்துக் குரல்

(மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

காலை நேர வானொலி அறிவிப்பாளரின் வாழ்வையும் தொழிலையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அதைப் பேசுவதற்குப் பீடோங்கைவிடப் பொருத்தமான ஊர் ஏது? மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்த எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு இந்த மண்ணில் பிறந்தவர். அதற்கு முன்பு அவர் வானொலிக்காரர். அவருடைய கதைகள் நூலகத்தில் இருக்கின்றன, எடுத்துப் படிக்கலாம். அவர் ஒலிபரப்பில் பேசிய பேச்சு நம்மில் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

மலாயா வானொலி 1946-இல் பிறந்தது. அன்றைய ரப்பர் தோட்டத்தில் காலை ஒலிபரப்பை யார் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பால்மரம் வெட்டுகிறவர் கேட்டிருக்க முடியாது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருப்பார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மிஞ்சியவர்கள் பாட்டிமார்களும் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளும்தான். தாயும் தகப்பனும் இல்லாத அந்த நேரத்தில் மணி சொல்லிப் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டது அறிவிப்பாளரின் குரல். அதனால்தான் பழைய அறிவிப்பாளர்களைப் பற்றிப் பேசும்போது நம் மக்கள் உறவினரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறார்கள்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். இன்று காலை வானொலியைக் கேட்பவர்களில் பலர் காரோட்டிக்கொண்டே கேட்கிறார்கள். அரசு ஒலிபரப்பு வளாகமான அங்காசாபுரியிலிருந்து மின்னல் எப்.எம்., தனியார் துறையில் ராகா. எந்த நிலையமானாலும் காலை நேரத்தைத்தான் தன் வலுவான கைகளில் ஒப்படைக்கும்.

அந்த வேலையை ‘சும்மா அரட்டை’ என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. ஊர் விழிக்கும் முன் எழ வேண்டும். முதல் சொல்லிலேயே குரல் தெளிந்திருக்க வேண்டும். பாடலின் முன்னிசை எத்தனை நொடி என்று அறிந்து, பாடகர் வாய் திறப்பதற்குள் பேச்சை முடிக்க வேண்டும். செய்தி தொடங்கும் நேரம் ஒரு நொடி பிசகக் கூடாது. கேட்பவர் பாதியில் வந்து பாதியில் இறங்கிப் போவார்; அதனால் சொன்னதையே, முதலிலிருந்து கேட்டவருக்கும் சலிக்காமல், வேறு விதமாகத் திரும்பச் சொல்ல வேண்டும். விபத்துச் செய்தி முடிந்த கையோடு துள்ளல் பாட்டு ஒலித்தால் எங்கோ ஒரு வீட்டில் அது நெஞ்சைக் குத்தும். அடுத்த பாடலை மாற்ற அறிவிப்பாளருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? செய்தி வாசித்து முடியும் வரைதான். இந்தப் பக்குவம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. என் கணிப்பில், மேடைப் பேச்சைவிட இது கடினம். எனக்கு உங்கள் முகம் தெரிகிறது. அவருக்கு ஒருவர் முகமும் தெரியாது.

சிரிக்க வைப்பது தரக்குறைவு என்று கருதும் தமிழாசிரியர்களும் இங்கே இருக்கலாம். ஐயா, வீட்டில் தமிழ் குறைந்துபோன பிள்ளை காரின் பின்னிருக்கையில் அமர்ந்து தமிழில் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை நான் சிறிதாக நினைக்க மாட்டேன்.

இத்தனை உழைப்பும் சொன்ன கணமே காற்றோடு போய்விடுகிறது. ஆனால் ஒரு காலத்தில் நம் வீடுகளில் வானொலியோடு சேர்ந்த கேசட் பெட்டி இருந்தது. பிறந்தநாள் வாழ்த்தில் தம்பி பெயர் வரும் என்று பதிவுப் பொத்தானை அழுத்திக் காத்திருந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள், தலையாட்டுவது தெரிகிறது. அந்த ஒலிநாடாக்கள் பரண்மேல் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். தூக்கி எறியாதீர்கள். அறுந்திருந்தாலும், எந்த ஆண்டு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரும் ஞாயிறு காலை ஒலிநாடாக் கருவியோடும் கணினியோடும் இதே மண்டபத்தில் இருப்பேன். எடுத்து வாருங்கள், படியெடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன்.