தியாகியா, உழைப்பாளியா? ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வறுமையில் வளர்ந்து நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த நம் பாட்டிமார்களை நாம் போற்ற வேண்டியது தியாகிகளாகவா, உழைப்பாளிகளாகவா என்பது தலைப்பு. உழைப்பாளிகளாகவே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நீராகாரம் குடித்துப் படுத்த பாட்டியைப் பற்றிச் சொன்னார். அவையில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டீர்கள். ஆனால் அந்தச் சோற்றுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெரும்பாலான ஏழை வீடுகளில் அந்த அரிசியைச் சம்பாதித்தவரும் அதே பாட்டிதான், நடுவர் அவர்களே!

எங்கள் ஆச்சி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். மழை பெய்தால் களையெடுப்பு, பிறகு பருத்தி எடுப்பு, காட்டு வேலை ஓய்ந்துவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஊன்றிய அந்தத் தொழில், வானம் பார்த்த பூமியின் பெண்களுடைய விரல்களை நம்பித்தான் சுற்று வட்டாரம் முழுவதும் பரவியது. பகலில் ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டைச் சட்டத்தில் அடுக்கிவிட்டு வருகிற ஆச்சி, இரவில் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார். பேச்சு எங்களோடு இருக்கும், கண் அடுப்பில் இருக்கும், கை மட்டும் தாளை மடித்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையைத் தடவி, பெட்டியைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். குரோசுக்கு இவ்வளவு என்று கூலி.

ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே, ஒவ்வொரு குரோசுக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்து வைப்பார். சனிக்கிழமை சம்பளத்தன்று கணக்குப்பிள்ளை, "இத்தனை பெட்டி சரியில்லை" என்று கழித்துவிட்டுக் கொடுத்தால், அந்தப் பெட்டிகளைக் கண்ணில் காட்டினால்தான் ஒப்புக்கொள்வேன் என்று அங்கேயே நிற்பார். காட்ட முடியாத வாரங்களில் கழித்த காசு திரும்பி வந்தது. எதிரணியினர் பாடுகிற பொறுமையின் திருவுருவம் இப்படிக் கணக்குப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்குமா? தன் வேலையின் விலை தெரிந்த ஒரு தொழிலாளியாக அவர் அன்று அங்கே நின்றார். தியாகி என்ற பட்டத்தைச் சூட்டினால், முதலில் மறைந்துபோவது அந்தக் கரிக்கோடுதான்.

தெருமுனைகளில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் பாருங்கள். தாத்தா இறந்தால் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றோ, மளிகை வியாபாரி என்றோ பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும். பாட்டி இறந்தால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று உறவுமுறைதான் அச்சாகும். அறுபது ஆண்டுகள் நாற்று நட்டவருக்கு விவசாயத் தொழிலாளி என்று போட்ட சுவரொட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தவர்கள் அவையில் இருந்தால் கை தூக்கலாம்.

மதுரை மாவட்டம் பில்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். எதற்காகத் தெரியும்? 2001-இல் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், அவருடைய காலைத் தொட்டு வணங்கினார் என்பதற்காகத் தெரியும். விருது எதற்கு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். வயலில் கூலி வேலை செய்த அவர், கூலியாட்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்து நிலக்காரர்களோடு கூலி பேசியவர். வட்டிக்காரர்களிடம் சிக்கிய பெண்களைக் களஞ்சியம் என்ற மகளிர் சுய உதவிக் குழுக்களில் சேர்த்து, அவர்களுடைய சிறுசேமிப்பைக் கொண்டே அவர்களுக்குக் கடன் கிடைக்கச் செய்தவர். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. வணங்கிய காட்சி நிலைத்துவிட்டது, வணங்கப்பட்டவரின் வேலை மறந்துவிட்டது. எதிரணி கேட்கிற வகையான போற்றுதலுக்கு இதைவிட நல்ல சான்றை நான் தேடினாலும் கிடைக்காது. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியின் பாப்பம்மாள் பாட்டியையும் நூறு வயது தாண்டியவர் என்றே வியக்கிறோம். சிறு வயதில் பெற்றோரை இழந்து, கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கி, 2024-இல் மறையும் வரை விவசாயியாகவே அறியப்பட்டவர் என்பதை அந்த வயதுக் கணக்குக்குப் பிறகுதான் சொல்கிறோம்.

உழைப்பாளி என்று சொல்லிப் பாசத்துக்குக் கூலி போடப் பார்க்கிறீர்கள் என்று எதிரணித் தலைவர் குற்றம் சாட்டினார். பாசத்துக்கு நான் விலை கேட்கவில்லை. ஆனால் வேலையைப் பாசம் என்று பெயர் மாற்றியதால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து வேலை செய்யாதவர்கள் பட்டியலில் வைத்தது. அதை 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கண்டித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் வெளிநாட்டில் சம்பாதித்துச் சேர்த்த சொத்தில், இங்கே குடும்பத்தைக் கவனித்த மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது என்று கூறி, அந்த அம்மாவுக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அவரைத் தியாகி என்று மட்டும் போற்றியிருந்தால் மாலை கிடைத்திருக்கும், பங்கு கிடைத்திருக்காது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழியிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் பாட்டி எந்தக் காட்டில் என்ன வேலை பார்த்தார், அதற்கு என்ன கூலி வாங்கினார், அந்தக் கூலியில் உங்கள் வீட்டில் எது வந்தது என்பதை முதலில் அவைக்குச் சொல்லிவிடுங்கள். தியாகத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுங்கள். நன்றி, வணக்கம்.