இரவுப் பணிக்கு ஒரு நூலகர்

மதிப்பிற்குரிய டீன் அம்மா அவர்களே, மருத்துவக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, காய்ச்சலையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, டாக்டர்கள் சங்கக் கிளையின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த மாணவர் மன்றத்தாரே, நர்ஸ் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

'பதறாத காரியம் சிதறாது' என்பார் என் அம்மா. 31 வருடம் மருத்துவக் கல்லூரி நூலகராக இருந்த எனக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை.

இன்று மூன்று விஷயம் பேச வந்தேன்: தேடல் கருவிகள் எப்படி வந்தன, அவசரத்தில் டாக்டரின் முடிவை அவை எப்படி மாற்றுகின்றன, அப்புறம் செயற்கை நுண்ணறிவு. முதலாவது சுருக்கமாக. 1879-ல் மருத்துவக் கட்டுரைகளின் பட்டியலான இண்டெக்ஸ் மெடிக்கஸ் அச்சில் வந்தது. 1997-ல், அந்தக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் தேடும் பப்மெட் எல்லாருக்கும் இலவசமானது. ஒரு பகல் பிடித்த வேலை இன்று போனில் அரை நிமிடம்.

சரி, ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். 2009, நல்ல மழை. நூலகத்தைப் பூட்டிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டேன். பயிற்சி டாக்டர் ஒருவர், சின்னப் பெண், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். "சார், போயிடாதீங்க!" விளையாட்டாக மஞ்சள் அரளிக் கொட்டையைக் கடித்த குழந்தை வார்டில் கிடக்கிறது. நாடித் துடிப்பு இறங்குகிறது. விஷத்தை உறிஞ்சும் கரியை ஒரு தடவை கொடுத்தாயிற்று, இன்னும் கொடுக்க வேண்டுமா? கையில் நனைந்த தாள்: 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இலங்கை ஆய்வு. திரும்பத் திரும்பக் கரி கொடுத்ததில் இறப்பு குறைந்தது என்றது. முதலில் கண்ணில் பட்டது அது, அத்தோடு நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மேலே வார்டில் 40 பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

மறுபடி கதவைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அது எழுந்திருப்பதற்குள் அந்தப் பெண் மூன்று தடவை வாசலுக்குப் போய்வந்தார். 'பதறாத காரியம் சிதறாதும்மா' என்று அவருக்கும் எனக்குமாகச் சொல்லிக்கொண்டேன். 2008-ல் அதே லான்செட்டில், அதே இலங்கையில், 4,632 பேரிடம் நடந்த ஆய்வு கிடைத்தது. தலைப்பில் அரளி என்ற சொல்லே இல்லை, அவசரத்தில் பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். பல வேளை கரி கொடுத்தும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை என்றது. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினார். பெரிய டாக்டர் இரண்டையும் படித்துவிட்டு, கரியை நிறுத்தி, குழந்தையின் இதயத் துடிப்பின்மேல் முழுக் கவனம் வைத்தார். ஐந்தாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனது.

ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் சாக்கெட் என்ற டாக்டர் ஆய்வு ஆதாரங்களைத் தள்ளுவண்டியில் வைத்து டாக்டர்களின் பக்கத்துக்கே கொண்டுவந்தார். 1998-ல் அதை எழுதினார். வண்டியை எடுத்த பிறகு, தேவைப்பட்ட 41 தடவையில் 5 தடவைதான் தேடினார்களாம். அமெரிக்காவின் ராச்செஸ்டரிலோ, நூலகர் தந்த தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றினோம் என்று 1992-ல் சுமார் 80 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். கருவி பக்கத்தில் இருக்க வேண்டும், தேடத் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள், செயற்கை நுண்ணறிவுக்கு நேரமில்லை. டீன் அம்மா, இரவு எட்டு முதல் காலை எட்டு வரை ஒரு நூலகர் பணியிடம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன், போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.