படகுக்கு ஒரு பட்டன் போன்

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், ஏர்வாடி என்று கரையோர ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள். சேர்க்க வரும் பெற்றோரில் கடல் தொழில் செய்பவர்கள் நிறைய. "டச் போன்லயே எல்லாம் அடிச்சுக்கிறான், இன்னும் எதுக்கு சார் இந்த மிஷின்?" என்று கேட்காத தகப்பனார் குறைவு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பரீட்சையோடு நிற்பதில்லை, கடலுக்குப் போகிறவரின் சட்டைப் பை வரைக்கும் வருகிறது. அதனால்தான் வானொலியில் சொல்ல ஒப்புக்கொண்டேன்.

தட்டச்சில் முதல் பாடம் கண்ணை எடுப்பது. இடது கையின் நான்கு விரலும் ய, ள, ன, க மேல் உட்கார வேண்டும். "குனியாதே, தாளைப் பார்" என்பதுதான் வகுப்பில் நான் அதிகம் சொல்லும் வார்த்தை. ஆரம்பத்தில் சுண்டுவிரலுக்குப் பலம் போதாது, எழுத்து மங்கலாக விழும். மோதிர விரல் தனியாக இறங்காமல் நடுவிரலையும் இழுத்துக்கொண்டு போகும். சில வாரம் போனால், கண் தாளில் உள்ள மேட்டரைப் படித்துக்கொண்டிருக்க, விரல் தானாகப் போய் எழுத்தில் இறங்கும். விசைக்கு ஓர் ஓரம் உண்டு, நடுவில் லேசான பள்ளம் உண்டு, அழுத்தினால் எதிர்த்து நிற்கும் பலம் உண்டு. விரல் படிக்கிற பாடம் அவ்வளவும் அதில்தான் இருக்கிறது.

கணினி விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டின் மேலும் சின்ன மேடு வைத்திருப்பார்கள். பார்க்காமலே ஆள்காட்டி விரல்கள் தங்கள் இடத்துக்குத் திரும்புவதற்காக. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில், எஃப் இருக்கும் அந்த மேட்டில்தான் நம் மெய்யெழுத்துப் புள்ளி அமைந்திருக்கிறது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இப்போதே 5ஐத் தடவிப் பாருங்கள். அங்கேயும் ஒரு மேடு இருக்கும். அது கிடைத்துவிட்டால் மேலே 2, கீழே 8, இரு பக்கமும் 4, 6. பார்வையற்றவர்கள் அந்த மேட்டை வைத்தே எண்களை அழுத்துகிறார்கள்.

டச் போனில் 'க' இருக்கும் இடமும் 'ப' இருக்கும் இடமும் விரலுக்கு ஒரே வழவழப்புதான். கண்ணும் கூடவே வந்தாக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்க்கிறவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கச்சான் காற்று வீசும்போது ஒரு கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அலையில் படகு தூக்கிப் போடும்போது மறு கையில் போன் எடுக்கிறவருக்குக் கண்ணை அங்கே கொடுக்க முடியாது.

ஈரம் அதைவிடப் பெரிய தொல்லை. டச் திரை அழுத்தத்தை அறிவதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கிறது. நம் உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால் விரல் பட்ட இடத்தில் அந்தப் புலம் மாறும், போன் அதை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுகொள்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். திரையில் நாலு சொட்டு தெறித்தால் நாலு விரல் வைத்த மாதிரி போன் குழம்பிப்போகிறது. பாலித்தீன் பையில் சுற்றி வைத்தாலும் பையின் மேல் தண்ணீர் நின்றால் இதே கதைதான். "ஈரக் கையோட தொட்டா அது நம்ம சொல்றதக் கேக்காது சார்" என்று பாம்பன்காரர் ஒருவர் சொன்னார். வலை இழுத்துக் காய்ப்பேறிய விரலின் தடித்த தோலும் தொடுகையைச் சரியாகக் காட்டாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறவர்கள் அவர்கள். கரையேறும்போது விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும், கீறலும் இருக்கும். கைரேகை வைத்துத் திறக்கும் போன் அந்த விரலை யாரோ அந்நியர் விரல் என்று தள்ளிவிடுகிறது. உழைத்த கைக்குத் திறக்காத ஒரு சாமானை உழைக்கிறவர்களுக்கு விற்கிறோமே என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

2003இல் வந்த நோக்கியா 1100 நம் கரையில் பலருக்கு நினைவிருக்கும். தூசி புகாதபடி விசைகளெல்லாம் ஒரே ரப்பர் விரிப்பில், தலையில் ஒரு டார்ச். கையில் மண்ணும் ஈரமும் இருக்கிறவரை மனதில் வைத்துச் செய்த போன் அது.

விசையா திரையா என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையான இடமும் கடல்தான். 2017 ஆகஸ்ட் 21 விடியலுக்கு முன், சிங்கப்பூர் அருகே, அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் இயக்கினார்கள். கட்டுப்பாடு ஓர் இயக்கு மேசையிலிருந்து இன்னொரு இயக்கு மேசைக்கு மாறியது தெரியாமல், சுக்கானே போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். பதற்றத்தில் வேகத்தைக் குறைக்கப் போனபோது இரண்டு ப்ரொப்பல்லரில் ஒன்று மட்டும் வேகம் குறைந்தது. கப்பல் இடப்பக்கமாகத் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் களைப்பும் காரணங்களில் சேரும். ஆனால் கையால் பிடிக்கும் நெம்புகோலாக இருந்திருந்தால், இரண்டும் ஒன்றாக நிற்கவில்லை என்று கைக்கே தெரிந்திருக்கும். 2019இல் விசாரணை அறிக்கை வந்தபோது, இதே வகையான தன் நாசகாரிப் போர்க்கப்பல்களில் தொடுதிரை வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுப் பழையபடி நெம்புகோல் வைக்க அந்தக் கடற்படை முடிவு செய்தது.

டச் போனை நான் வெறுக்கவில்லை. தமிழுக்கு அது செய்தது சின்ன உபகாரம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, 247 எழுத்தையும் கைக்கடக்கமான விசைகளுக்குள் கொண்டுவரப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சில குறிகளுக்கு நகரா விசை வைத்தார்: முதலில் புள்ளியைத் தட்டினால் தாள் நகராது, அதே இடத்தில் எழுத்து வந்து சேரும். கண்ணாடியில் அந்தக் கஷ்டம் இல்லை. படத்தை மாற்றினால் விசைப்பலகையே மாறிவிடுகிறது. பயிலகப் படி ஏறாத அம்மாக்கள் மகளிர் குழுக் கணக்கைத் தமிழிலேயே அனுப்புகிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் பேசியே எழுத்தாக்குகிறார்கள். கரையில் இது போதும், இன்னும் வளரட்டும். எஞ்சின் சத்தத்தில் பேச்சை எழுத்தாக்கும் வசதி எடுபடாது.

ஆகவே கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டச் போன் இருக்கட்டும், மேப்புக்கும் வானிலைச் செய்திக்கும் அது வேண்டும். கூடவே ஒரு பட்டன் போனைச் சார்ஜ் ஏற்றி, தண்ணீர் புகாத பையில் படகில் வையுங்கள். 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்தினால் 112க்கு அவசர அழைப்பு போக வேண்டும். டச் போனிலும் இதற்குத் திரையை நம்பவில்லை, பக்கவாட்டுப் பவர் பட்டனை அடுத்தடுத்து 3 முறை அழுத்துவது அந்த விதி சொல்லும் ஒரு வழி. உங்கள் போனில் அது எந்த விசை என்று கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள், சோதிப்பதற்காக அழுத்திவிடாதீர்கள். சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போகிறவர்களுக்கு இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் அந்தக் கருவியிலும் தீ, படகு மூழ்குதல், மருத்துவ உதவி என்று ஆபத்துக்கேற்பப் பட்டன்தான்.

கடலோரக் காவல் படையின் எண் 1554. பட்டன் போனில் அதை ஸ்பீடு டயலில், அதாவது ஒரே விசையை அழுத்தினால் அந்த எண்ணுக்குப் போகும்படி, போட்டுவிட்டு, படகில் வரும் எல்லோரையும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு விசைகளைத் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அழுத்த வேண்டாம். வணக்கம்.