குழந்தையின் வளர்ச்சியில் ஐயம் எழுந்தால் எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் என் வணக்கம்.

வளர்ச்சி தாமதமான குழந்தையை எங்களிடம் தூக்கி வரும் தாய்மார்களில் பலர் சொல்வது இதுதான்: "எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு டாக்டர். இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், பொறுத்துப் பாருன்னு வீட்ல சொல்லிட்டாங்க." நாள்தோறும் குழந்தையைக் குளிப்பாட்டி, பாலூட்டி, தூங்க வைப்பவளின் மனத்தில் எழும் அந்த முதல் ஐயமே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

குழந்தைகள் எல்லோரும் ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிடிமானமின்றி உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதங்களுக்குள்ளும், தனியாக நடப்பது 8 முதல் 17 மாதங்களுக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கவும் செய்தனர். ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்ததென்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால், அதற்கு மேல் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்துதான் வயதைக் கணக்கிட வேண்டும்.

தாமதம் என்று தோன்றாத அடையாளமும் ஒன்று உண்டு. ஒரு வயதுக்குள் குழந்தை எதையும் வலக்கையால் மட்டுமே எடுத்தால் அதைச் சமர்த்து என்று மகிழ்கிறோம். கிலுகிலுப்பையை இடப்பக்கம் நீட்டும்போதும் உடலைத் திருப்பி வலக்கையையே நீட்டி, இடக்கையை மூடிய முட்டியாகவே வைத்திருந்தால், அந்தக் கையில் வலுக்குறைவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நிலாவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த வேளையில் ஒரு வயதுக் குழந்தை உங்கள் விரலை மட்டும் பார்க்கிறதா, விரல் காட்டும் நிலாவைப் பார்க்கிறதா, பார்த்துவிட்டு உங்கள் முகத்துக்குத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஒன்றரை வயதுக்குள் தானே விரல் நீட்டிக் காட்டாத குழந்தையை, பேச்சு வரட்டும் என்று காத்திராமல் அழைத்து வாருங்கள்.

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மழலை ஒலி எழுப்பும். கதவை அறைந்தால் அதிர்வை உணர்ந்து திரும்பவும் கூடும். அதனால்தான் வீட்டார் ஏமாந்துவிடுகிறார்கள். குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறனைப் பரிசோதித்து, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவதே முறை. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிச் செவிக்குறை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் இதை ஒருபோதும் தவறவிடக் கூடாது.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. தூங்கி எழுந்ததும் குழந்தை திடீரென்று தலையை முன்னால் சாய்த்து, கைகளை விரித்து, உடலைக் குறுக்கிக்கொள்ளும். சில நொடிகளில் தளர்ந்து, மறுபடியும் அப்படியே செய்யும். இது அடுக்கடுக்காகப் பலமுறை தொடரும். வயிற்றுவலி என்றும் உரம் விழுந்தது என்றும் எண்ணி, உரம் எடுக்கக் கொண்டு செல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது மழலைப் பருவ வலிப்பாக இருக்கலாம். வெஸ்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1841-இல் தம் சொந்த மகனிடம் கண்டு, உதவி வேண்டி லான்செட் என்னும் மருத்துவ இதழுக்கு எழுதிய அதே நோய். அன்று அவருக்குக் கிடைக்காத மருந்துகள் இன்று இருக்கின்றன. கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வந்த சிரிப்பும் மழலையும் மறைந்துபோனாலும், எந்த வயதானாலும், அதே அவசரம் வேண்டும்.

எங்கே போவது என்று தயங்க வேண்டாம். தடுப்பூசி போடச் செல்லும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். நோயின் பெயர் தெரியும் வரை பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டியதுமில்லை. காரணத்தைத் தேடும்போதே பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் தொடங்கலாம்.

வரும்போது தடுப்பூசி அட்டையையும், பிரசவ மருத்துவமனை கொடுத்த சீட்டையும் எடுத்து வாருங்கள். மருத்துவர் "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று சொன்னால், எந்தத் தேதி வரை, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டு அந்த அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தேதியில் தவறாமல் மீண்டும் செல்லுங்கள்.