வாயு விரியும்போது செய்யும் வேலை: எந்த அழுத்தத்தைப் போடுவது?

வணக்கம் நண்பர்களே! வாயு விரியும்போது எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கு வந்தால், பலரும் அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கி விடை எழுதிவிடுகிறார்கள். எந்த அழுத்தம்? ஆரம்பத்தில் இருந்ததா, கடைசியில் இருந்ததா? இதைக் கேட்காமல் பேனாவையே எடுக்கக் கூடாது என்பேன்.

போர்டைப் பாருங்கள். பிஸ்டன் பொருத்திய சிலிண்டரில் 1 மோல் நல்லியல்பு வாயு. வெப்பநிலையை 300 கெல்வினிலேயே வைத்து, 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு மிக மெதுவாக விரிய விடுகிறோம். ஆரம்ப அழுத்தம் சுமார் 249 கிலோபாஸ்கல். பருமன் இரண்டு மடங்கானதால் கடைசியில் பாதி, 125.

ஆரம்ப அழுத்தத்தால் பெருக்கினால் 2494 ஜூல். கடைசி அழுத்தத்தால் பெருக்கினால் 1247. சரி, சராசரி எடுத்துவிடலாமே என்று தோன்றும். 1871 வரும், அதுவும் தப்பு. ஏன் என்று வரைந்தே காட்டுகிறேன். கிடையச்சில் பருமன், நெட்டச்சில் அழுத்தம். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வேலை. இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்தால், அதன் கீழே உள்ள பரப்புதான் அந்த 1871. ஆனால் அழுத்தம் முதலில் மளமளவென்று இறங்கி, அப்புறம்தான் நிதானிக்கிறது. அதனால் உண்மையான கோடு நேர்கோட்டுக்குக் கீழே தொய்கிறது. நடுவில், 15 லிட்டரில், நேர்கோடு 187 காட்டுகிறது. உண்மையான அழுத்தம் 166 தான். அந்தத் தொய்வு அளவுக்குப் பரப்பு குறையும். தொகையிட்டால் 2494 பெருக்கல் இரண்டின் இயல் மடக்கை, அதாவது 0.693. விடை 1729 ஜூல்.

அப்படியென்றால் 1247 எப்போதுமே தப்பா? இல்லை! வெளி அழுத்தத்தை ஒரேயடியாக 125-க்கு இறக்கிவிட்டால், வாயு தள்ள வேண்டியது அந்த 125-ஐ மட்டும்தான். அங்கே 1247 தான் சரி. வாயுவை எதிர்த்து நிற்கும் வெளி அழுத்தத்தைப் பாருங்கள், கணக்கு அங்கேதான் இருக்கிறது. அது உள்ளழுத்தத்தை ஒட்டியே மெல்ல மெல்லக் குறைந்தால் 1729 கிடைக்கும். இந்த வெப்பநிலையில் அதற்கு மேல் கிடைக்காது.

வெப்பமே புகாமல் மெதுவாக விரிந்தால் வாயு குளிர்ந்துவிடும், வேலையும் குறையும். ஈரணு வாயு என்றால் 227 கெல்வினுக்கு இறங்கும், சுமார் 1510 ஜூல்.

எதிரே வெற்றிடம் இருந்தால்? தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை, வேலை பூஜ்ஜியம். இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1845-இல் வெளியிட்ட சோதனை இதுதான். நீரில் இரண்டு கலன்கள், ஒன்றில் அழுத்திய காற்று, மற்றதில் வெற்றிடம். நடுக்குழாயைத் திறந்தார், காற்று பாய்ந்தது. தண்ணீரின் வெப்பநிலையில் அவரால் எந்த மாற்றத்தையும் அளக்க முடியவில்லை.