செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி

(இளைஞர் விருதுத் திட்டத்தில் சேர வந்த மாணவர்கள், பெற்றோர் முன்னால் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு அப்பா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சார், இந்த விருதில் முதல் பரிசு எத்தனை பேருக்கு?" என்று கேட்டார். யாருக்கும் கிடையாது என்றேன். "அப்போ இரண்டாவது?" அதுவும் இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பிள்ளையின் ஒரு வருடத்தை வாங்கிக்கொண்டு ரேங்க் கூடத் தராத காரியத்துக்கு விருது என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பேச்சை அவருக்குச் சொல்லும் பதிலாகவே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். டியூக் ஆஃப் எடின்பரோ சர்வதேச விருது என்று பெயர். 1956இல் பிரிட்டனில் தொடங்கியது. அப்போது பையன்களுக்கு மட்டும்தான். 1958இல் பெண்பிள்ளைகளுக்கும் திறந்தார்கள். இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது, பல இடங்களில் வேறு பெயரில். 14 வயதிலிருந்து 24 வயது வரை சேரலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் நான்கு பிரிவு: தன்னார்வச் சேவை, ஏதாவது ஒரு திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம். நாலையும் முடித்தால்தான் விருது. ஒன்றில் பிரமாதமாகச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட முடியாது. தங்கத்துக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று உண்டு. முன்பின் பழக்கமில்லாதவர்களோடு ஐந்து பகல், நான்கு இரவு ஒரே இடத்தில் தங்கி ஒரு பொதுவேலையைச் செய்ய வேண்டும்.

இதை யோசித்தவர் எலிசபெத் ராணியின் கணவர், டியூக் ஆஃப் எடின்பரோ பட்டம் பெற்ற இளவரசர் பிலிப் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விதை போட்டவர் வேறு ஆள். அவர் பிலிப்பின் வாத்தியார். பெயர் குர்ட் ஹான். ஜெர்மன் யூதர். 1920இல் சேலம் என்ற பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். உங்களுக்குத் தெரிந்த சேலம் இல்லை, தெற்கு ஜெர்மனியில் இருக்கும் சேலம். 1932இல் பொட்டெம்பா என்ற ஊரில் நாஜிக்கட்சி அடியாட்கள் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். ஹிட்லர் கொலைகாரர்களுக்கு ஆதரவாகத் தந்தி அடித்தார். ஹான் தன் பழைய மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். சேலமா, ஹிட்லரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார். அடுத்த வருடம் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் குரல் கொடுத்ததால் வெளியே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போய் 1934இல் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆரம்பத்தில் சேர்ந்த மாணவர்களில் ஒருவர்தான் பிலிப்.

அந்தப் பள்ளியில் படிக்காத அக்கம்பக்கத்துப் பையன்களுக்கும் சேர்த்து, 1936இல் மோரே பேட்ஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட வேண்டும், தாண்ட வேண்டும், ஒரு பயணம் போக வேண்டும். இன்றைய விருதுக்கு அதுதான் தாத்தா. அந்தக் காலத்து இளைஞர்களிடம் ஆறு விஷயங்கள் தேய்ந்துவருவதாக ஹான் சொல்லிக்கொண்டே இருப்பார். உடல்தகுதி, தானாக முன்வருவது, நினைவும் கற்பனையும், வேலையில் நேர்த்தி, தன்னடக்கம், அடுத்தவர்மேல் இரக்கம். எதையும் செய்யாமல் வேடிக்கை மட்டும் பார்ப்பதை ஒரு வியாதி என்றே அவர் சொன்னார். கைபேசி வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னாடி!

1941இல் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். போர்க்காலம். கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் ஏறுகிறவர்களில், வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், திடமான இளைஞர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள் என்று லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளி கவலைப்பட்டார். கைகால் பலத்தில் இளைஞர்கள்தான் மேல். ஆனால் இதற்கு முன் ஒரு கஷ்டத்தைக் கடந்து வந்த அனுபவம் கிழவர்களிடம்தான் இருந்தது. அந்த அனுபவத்தை இளைஞர்களுக்கும் கொடுக்க, அவரும் ஹானும் சேர்ந்து வேல்ஸ் கடற்கரையில், அபர்டோவியில், அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியை ஆரம்பித்தார்கள்.

அப்புறம் 1954இல் ஹான் பிலிப்பைப் பிடித்துக்கொண்டார். மோரே பேட்ஜை நாடு முழுக்கக் கொண்டுபோ என்றார். அதை நடத்த முதல் இயக்குநராக வந்தவர் ஜான் ஹன்ட். 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவின் தலைவர். மூன்றாவது வரிசை அப்பா இதைக் கவனிக்க வேண்டும். ஹன்ட் உச்சியில் கால் வைத்தவர் இல்லை. வைத்தவர்கள் ஹிலாரியும் டென்சிங்கும். முதலிடம் இல்லாத விருதுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

சரி, முதலிடம் இல்லையென்றால் எதை வைத்து அளக்கிறார்கள்? நேரத்தை வைத்து. வெண்கலத்துக்குப் பயணம் தவிர்த்த மூன்று பிரிவிலும் குறைந்தது மூன்று மாதம், அதில் ஏதாவது ஒன்றை இன்னும் மூன்று மாதம் நீட்ட வேண்டும். வெள்ளிக்கு ஆறு மாதம். தங்கத்துக்கு ஒரு வருடம். கீழ்ப்படி முடிக்காமல் நேரடியாக வருகிறவர்களுக்கு ஒரு பிரிவில் இன்னும் ஆறு மாதம் கூடும். வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கேட்கிறார்கள். இலக்கை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் பத்து கிலோமீட்டர் ஓடினால் அது அவன் கணக்கு. நேற்று ஒரு கிலோமீட்டரில் மூச்சு வாங்கியவர் மூன்று மாதத்தில் இரண்டு ஓடினால் அது இவர் கணக்கு. சக்கர நாற்காலியில் பயணம் போய் விருது வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

வாரம் ஒரு மணி நேரம் என்று கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இதுதானா என்பார்கள். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதிமூன்று மணி நேரம் உழைத்துவிட்டு மூன்று மாதக் கணக்கை முடிக்க முடியாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒப்பேற்றிப் பழகியவர்களுக்கு இது பெரிய அடி. இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இது: மலையில் யாரும் விடுவதில்லை. ஏழாவது வாரத்தில்தான் விடுகிறார்கள்.

ஒரு பையன். வெண்கலத்துக்கு வந்தவன். சேவைக்கு முதியோர் இல்லம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பார்வை மங்கிப்போன ஒரு பெரியவருக்குச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட வேண்டும். முதல் வாரம் தலைப்புச் செய்தியை உரக்க வாசித்தான். பெரியவர் கை காட்டி நிறுத்தினார். "தம்பி, அதை ரேடியோவிலேயே கேட்டாச்சு. நீ இரங்கல் விளம்பரத்தைப் படி" என்றார். யார் போனார்கள், வயது என்ன, எத்தனை பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் வேண்டும் அவருக்கு. பையனுக்கு அது ஒரு மாதிரி இருந்தது. நான்கைந்து வாரம் தள்ளினான். ஏழாவது வாரம் தலைவலி என்று போகவில்லை.

எட்டாவது வாரம் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் செய்தித்தாள் கட்டு இருந்தது. சணல்கயிற்றால் கட்டி வைத்திருந்தார். "போன வாரம் நீ வரலை இல்லையா, அதையும் சேர்த்து எடுத்து வச்சிருக்கேன்" என்றார். கோபமில்லை, குறையில்லை. இரண்டு வாரத்து இரங்கல் விளம்பரங்களை அன்றைக்கு உட்கார்ந்து படித்தான். என்னிடம் வந்து, "சார், போன வாரம் அவர் வேற யாரையும் படிச்சுக் காட்ட விடவே இல்லையாம்" என்றான். குரலில் பாதி புகார், பாதி வேறு ஏதோ.

சேவை என்றால் சம்பளம் கூடாது, சொந்தக் குடும்பத்துக்குச் செய்யக் கூடாது, லாபத்துக்கு நடக்கும் தொழிலுக்குச் செய்யக் கூடாது. பாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததையும், மாமா கடையில் கணக்கு எழுதியதையும் கொண்டுவராதீர்கள். அவை நல்ல காரியங்கள்தான், ஆனால் இந்தக் கணக்கில் சேராது.

திறனையும் உடற்பயிற்சியையும் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வியர்த்தால் உடற்பயிற்சி, மற்றது திறன். சதுரங்கம் திறனில் வரும். நடனத்தை உடற்பயிற்சியில் காட்டலாம். கிட்டார், சைகைமொழி, தையல், சைக்கிள் பழுதுபார்ப்பது என்று எதை வேண்டுமானாலும் எடுங்கள். உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள், அம்மாவுக்குப் பிடித்ததை இல்லை.

பயணத்துக்கு வருகிறேன். பெற்றோருக்குப் பயம் வருவது இங்கேதான். வெண்கலத்துக்கு இரண்டு பகல், ஓர் இரவு. வெள்ளிக்கு மூன்று பகல், இரண்டு இரவு. தங்கத்துக்கு நான்கு பகல், மூன்று இரவு. நான்கு பேரிலிருந்து ஏழு பேர் வரை ஒரு குழு. பாதையை அவர்களே வரைகிறார்கள், கூடாரத்தை அவர்களே சுமக்கிறார்கள், சமையலும் அவர்கள்தான். முதலில் பயிற்சி, அப்புறம் ஒரு ஒத்திகைப் பயணம், அதற்கும் அப்புறம்தான் நிஜப் பயணம். கண்காணிப்பு உண்டு, ஆனால் கண்ணில் படாத தூரத்தில். குழுவோடு நடக்க மாட்டோம்.

ஒருமுறை வெள்ளிக் குழு ஒன்று. ஐந்து பேர். இரண்டாம் நாள், மூடுபனி. ஓடையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் திரும்ப வேண்டியவர்கள் இடது பக்கம் போனார்கள். நான் எதிர்ச் சரிவில் ஒரு பாறைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆபத்தான இடமில்லை, வீண் நடைதான். ஆபத்து இல்லாதவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த நாற்பது நிமிடம் இருக்கிறதே, மலை ஏறுவதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கடைசியில் அவர்களை நிறுத்தியது ஒரு கொப்புளம். ஒரு பெண் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அவள் பிளாஸ்திரி ஒட்டும்வரை சும்மா நின்ற இன்னொருத்தி வரைபடத்தை விரித்தாள். சமஉயரக் கோடுகளை விரலால் எண்ணினாள். "மேப்ல நாம ஏறணும். ஆனா அரை மணி நேரமா இறங்கிட்டே இருக்கோம்" என்றாள். முன்னால் போய்க்கொண்டிருந்த பையன் திசைகாட்டியைப் பைக்குள் எறிந்தான். சத்தமாக ஒரு சண்டை. என் பாறை வரைக்கும் கேட்டது. அப்புறம் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். ஐந்து பேரும் எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தார்கள். கொப்புளக்காரியின் பையிலிருந்த கூடாரக் கம்பிகள் மட்டும் இப்போது அந்தப் பையனின் தோளில் இருந்தன.

பயணம் முடிந்ததும் அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். அதில் இதைப் பற்றி ஒரே வரிதான்: "இரண்டாம் நாள் பாதை சற்று மாறியது."

குறையும் சொல்ல வேண்டும். கல்லூரி விண்ணப்பத்தில் அழகாக இருக்கும் என்றே சேருகிறவர்கள் உண்டு. ஒரு நாள் மரக்கன்று நட்டு நாற்பது படம் எடுப்பவர்கள் உண்டு. பிள்ளையின் பதிவேட்டை அப்பா எழுதிக் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன், கையெழுத்து ரொம்ப நன்றாக இருந்ததால் மாட்டிக்கொண்டார். இதைவிட எனக்கு உறுத்துவது, பல இடங்களில் கட்டணம் கட்டக்கூடிய பள்ளிகளைத் தாண்டி இது எளிதில் போவதில்லை என்பது. பிரிட்டனில் இளம் குற்றவாளிகளை வைத்திருக்கும் சிறைகளுக்குள்ளும் இந்தத் திட்டத்தை நடத்துகிறார்கள். சுவருக்கு உள்ளே இருப்பவரை நான்கு பிரிவிலும் நடத்திக் கொண்டுபோவது எவ்வளவு தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். அங்கே நடத்த முடிகிறபோது, முதுகுப்பை வாங்கக் காசில்லாத பிள்ளையிடம் வராதே என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. பையை இரவல் வாங்கலாம். எங்களிடமே பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன, ஜிப் கொஞ்சம் மக்கர் பண்ணும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மூன்று மாதத்தை முடித்தான். இல்லத்துப் பொறுப்பாளர் பதிவேட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெண்கலம் வந்துவிட்டது. கணக்கு முடிந்தபின் வந்த செவ்வாய்க்கிழமை அவன் போகவில்லை, பரீட்சை இருந்தது. அதற்கடுத்த வாரம் போனான். ஸ்டூல்மேல் கட்டு காத்திருந்ததாம், சணல்கயிற்றோடு.

விண்ணப்பப் படிவம் வாசலில் இருக்கிறது. பேனாவை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள்.